சாட்சி ஆண்ட்டி வீட்டுக் கதையைத் திருடியது யார்?

காக்ஸ் டவுனில் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட சாட்சி ஆண்ட்டியின் விசாரணையைத் தாண்டாமல் சமையலறைக்குள் போனதில்லை. கட்டைப் பிரித்து நடுவில் புல் சொருகியிருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் கடைக்காரர் மேல் சந்தேகம். இல்லாவிட்டால், "இன்னிக்கு மட்டும் ஏன் இவ்ளோ நல்லதா குடுத்தான்?" என்று அதைவிடப் பெரிய சந்தேகம்.

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அந்தத் தெருவில் யாரும் வழி கேட்க முடியாது. மணி அடித்துப் பார்த்தேன், ஆள் இல்லை என்று தபால்காரர் சொன்னால், "சாட்சி யாரு?" என்பார். மாத்திரை போட்டுக்கொண்டேன் என்று கணவர் சொன்னாலும் அதே கேள்விதான். தெரு பதிலுக்கு அந்தச் சொல்லையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் அவர் வீட்டு மாடி அறையில் பேயிங் கெஸ்ட்டாக இருந்தேன். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. அறை கேட்டுப் போன அன்று என்ன வேலை என்று விசாரித்தார். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது என்றேன். ஆண்ட்டியின் முகத்தில் மரியாதை தோன்றியது.

"அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்றார். தாம் இத்தனை வருஷமாக இலவசமாகச் செய்துவரும் சேவை அது என்ற வருத்தம் குரலில் தெரிந்தது.

வீட்டில் அவரோடு இன்னும் இரண்டு பேர். மாநில அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அங்கிள். பொய் சொல்ல வராது, உண்மையைச் சொல்ல அனுமதி இல்லை, ஆகவே பெரும்பாலும் பேசமாட்டார். மகள் ஷீபா பள்ளி ஆசிரியை. இரண்டு நல்ல வரன்களை அம்மாவின் விசாரணையில் இழந்தவள். ஒரு மாப்பிள்ளையின் ஆபீஸ் வாசலுக்கே ஆண்ட்டி போய், பையன் எத்தனை மணிக்கு வருவான், யாருடன் வருவான் என்று செக்யூரிட்டியிடம் கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் நின்றவர் மாப்பிள்ளை.

நான் வந்த வருஷம் அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை நடந்தது. விளைச்சலையும் பலகாரத்தையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள்; ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். நான் வேற்று மதத்தாள் என்றாலும் கேக் உண்டு என்றதும் கூடப் போனேன். ஆண்ட்டி தம் கையால் செய்த பிளம் கேக்கைக் கொடுத்திருந்தார்.

கேக் ஏலத்துக்கு வந்தபோது கூடத்தில் அமைதி. ஆண்ட்டியின் கேக்கை முன்பே சாப்பிட்டவர்களின் அமைதி அது. மனைவியின் மானம் போகிறதே என்று அங்கிள் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு தொகை சொன்னார். ஆண்ட்டியின் காது கூர்மையடைந்தது. தம் கேக்கை அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போக யாரோ திட்டம் போடுகிறார் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த பெண்ணைத் தூண்டி அதற்கு மேல் கேட்க வைத்தார். அங்கிள் ஏற்றினார். ஆண்ட்டி ஏற்றினார். "அந்த ஆளு விடமாட்டேங்கறான் பாரு" என்று என்னிடம் பல்லைக் கடித்தார். எனக்குக் குரல் புரிந்துவிட்டது. சொல்ல வாய் திறப்பதற்குள் ஏலம் பறந்துகொண்டிருந்தது. கடைசியில், ஒரு முழுப் பேக்கரியையே வாங்கியிருக்கக்கூடிய விலைக்கு, தூணுக்குப் பின்னாலிருந்த குரல் வென்றது. கேக்கை வாங்க வெட்கத்தோடு நடந்து வந்தவரைப் பார்த்ததும் ஆண்ட்டி எழுந்து வெளியே போய்விட்டார். அந்த மாதம் முழுவதும் நாங்கள் அந்தக் கேக்கைச் சாப்பிட்டோம். வெளியே மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

அப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு தமிழ்ச் சேனலில் குடும்ப நகைச்சுவைத் தொடர் ஒன்று வந்துகொண்டிருந்தது. பெயர் சொல்லமாட்டேன்; ஆண்ட்டி இந்தப் பத்திரிகையை வாங்குகிறார். ஒரே வீடு, யார் பேச்சையும் யாரும் கேட்காத ஒரு குடும்பம். வீட்டுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் தேடி வீட்டைக் கலைப்பார். விருந்தாளி பாராட்டிய உப்புமாவுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுவார்கள். அதில் கரப்பான் பூச்சி கிடைத்ததும் மூன்று பேருமே அன்று ஊரில் இல்லை. நானும் ஷீபாவும் சோபாவில் விழுந்து சிரிப்போம். ஆண்ட்டி சிரிக்கமாட்டார். போலீஸ் அணிவகுப்பில் திருடனை அடையாளம் காட்ட வந்தவரைப் போல உட்கார்ந்திருப்பார். இடையிடையே ஒலிக்கும் பதிவு செய்த சிரிப்பில்கூட அவருக்குச் சந்தேகம். "யாரு அது சிரிக்கறது? எங்கயோ கேட்ட கொரலா இருக்கு" என்பார்.

பண்டிகை முடிந்து சில வாரம் கழித்து அந்தத் தொடரில் ஒரு கோயில் ஏலம் வந்தது. அம்மனுக்குச் சாத்திய பட்டுப் புடவை. அதைக் காணிக்கை கொடுத்தவள் கூட்டத்தின் ஒரு மூலையில், புருஷன் இன்னொரு மூலையில். இரண்டு பேரும் மாற்றி மாற்றி விலையை ஏற்றுகிறார்கள். அங்கிள் முதலில் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆண்ட்டி எழுந்து டிவியை அணைத்தார். "கேக்க பொடவையா மாத்திட்டா எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதன்பின் பழைய வழக்குகள் எல்லாம் திறக்கப்பட்டன. முந்தைய வருஷம் அதே தொடரில் குடும்பமே கல்யாண மண்டபம் மாறிப்போய், சாப்பிட்டு, மொய் வைத்து, மேடையில் போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்ததாம். ஆண்ட்டி குடும்பமும் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறது. யாரோ ஒரு ஜோடியின் ஆல்பத்தில் இவர்கள் இன்றும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கொடுத்தது குக்கர். "அப்பவே சந்தேகப்பட்டேன். நம்ம வீட்டுக் கத மெட்ராஸுக்குப் போவுது" என்றார் ஆண்ட்டி.

சந்தேகத்துக்கு உரியவர்களை அவர் வரிசைப்படுத்தினார். கேபிள்காரர், கம்பி வழியாக நிகழ்ச்சி வந்தால் நம் பேச்சும் அதே வழியாகப் போகாதா என்ற அடிப்படையில். அங்கிள், ஏலத்தில் ஏற்கெனவே ஒருமுறை எதிரணியில் இருந்தவர் என்ற அடிப்படையில். இவர்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி முதலிடத்தில் நான். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள், கம்ப்யூட்டர் தெரிந்தவள், எல்லாவற்றுக்கும் மேலாக, காட்சி முடியும் முன்பே சிரிக்கிறவள்.

"அடுத்து என்னா நடக்கும்னு உனக்கு எப்படிம்மா முன்னாடியே தெரியுது?" என்று மாடிப்படியில் மடக்கினார்.

ஊகம்தான் ஆண்ட்டி என்றேன். ஊகத்தை அவர் பதிலாக ஏற்றுக்கொள்வதில்லை.

தற்காப்பு நடவடிக்கைகள் தொடங்கின. முதலாவது, முக்கியமான சண்டைகளை இனிமேல் கன்னடத்தில் போடுவது. தொடர் எழுதுகிறவர்களுக்குக் கன்னடம் தெரியாது என்பது கணக்கு. மூன்று தலைமுறையாக இந்தக் கன்னட ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், கன்னடம் தண்ணீராக வரும். நன்றாகத் தமிழில் போய்க்கொண்டிருக்கும் வாக்குவாதம் சூடு ஏறியதும், "ஏன்ரீ, சும்னிரி" என்று தடம் மாறும். சும்மா இருங்கள் என்று அர்த்தம். அங்கிள் அதுவரையிலும் சும்மாதான் இருந்திருப்பார். இதில் எனக்கு ஒரு லாபம், காசு செலவில்லாமல் கன்னடம் கற்றுக்கொண்டேன். ஒரு நஷ்டம், மனைவி கணவனைத் திட்டும் கன்னடம் மட்டுமே கற்றேன். கம்பெனி பஸ் டிரைவர் வெகுநாள் என்னைக் கண்டு பயந்தார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, தொழில்முறையில் நானே ஒரு சோதனை சொன்னேன். நடக்காத சம்பவங்களைப் புனைந்து ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள். எது தொடரில் வருகிறதோ அதைக் கேட்டவர்தான் ஒற்றர். ஆண்ட்டி என்னை அன்போடு பார்த்தது அன்றுதான். ஆனால் சோதனையை வகுத்தவளையே சோதிக்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மறுநாள், தம் கண்ணாடியைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அவர் கலங்கி நிற்க, நான் வாழைப்பழத்தோடு மொட்டை மாடி முழுக்க அலைந்தேன். கண்ணாடி அவர் அலமாரியில் இருந்தது.

சோதனையின் முடிவு இது: தொடரில் ஒன்றும் வரவில்லை. ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே வாரத்தில் சபைப் பெண்கள் வாயிலிருந்து ஆண்ட்டிக்கே திரும்பி வந்தன. "ஓட்டை இருக்குன்னு நிரூபணம் ஆயிடுச்சில்ல" என்றார். தொழில்முறையில் என்னால் அதை மறுக்க முடியவில்லை.

இந்தக் கெடுபிடிக்கு நடுவில்தான் ஷீபாவுக்கு மூன்றாவது வரன் வந்தது. கோலார் தங்கவயலில் ஒரு தமிழ்க் குடும்பம். பையனை ஷீபாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, இதுவும் போனால் இன்னொருவர் முன்னால் போய் உட்காரப்போவதில்லை என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்.

"மம்மி, அவங்க வர்ற அன்னிக்கு நீங்க எதுவும் கேக்கக்கூடாது. ஒண்ணுமே. ப்ராமிஸ் பண்ணுங்க."

ஆண்ட்டி சத்தியம் செய்தார். அவருக்கும் உள்ளூர பயம் இருந்தது. ஊரே பார்க்கும் தொடர் அது. சிரிப்பாய்ச் சிரிக்கும் அந்தக் குடும்பம் இதுதான் என்று கண்டுபிடித்துவிட்டால் யார் பெண் எடுப்பார்கள்? அவர்கள் ஞாயிறு மாலை வருவதாகச் சொன்னதும் டிவி மேல் ஒரு மேஜை விரிப்பைப் போர்த்தி, மேலே பூச்சாடி வைத்தார். தொடரில் வருகிற குடும்பத்தைப் போல யாரும் நடந்துகொள்ளக்கூடாது என்று ஒத்திகை வேறு. அங்கிள் கண்ணாடியைத் தேடக்கூடாது. யாரும் உப்புமாவைப் பற்றிப் பேசக்கூடாது. பலகாரத் தட்டு எடுத்துக் கொடுக்க என்னைக் கீழே வரச் சொன்னார். மாடியில் தனியே விட்டால் யாருக்குப் போன் செய்வேனோ என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வந்தவர்கள் பையன், அப்பா, அம்மா. அந்த அம்மா உள்ளே வந்ததும் செருப்பு விட்ட இடத்தை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கொடுத்த வாழைக்காய் பஜ்ஜியைப் பிய்த்து உள்ளே பார்த்தார். எனக்கு ஏதோ பழக்கப்பட்ட காட்சியாகத் தோன்றியது. எல்லோரும் ரேஷன் கார்டு போட்டோவுக்கு உட்கார்ந்தவர்களைப் போல விறைத்திருந்தோம். மணி பார்த்த அந்த அம்மா, "தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர், டிவி இல்லியா வீட்ல?" என்றார்.

ரிப்பேர் என்று சொல்ல ஆண்ட்டி வாயைத் திறந்தார். "நல்லா ஓடுதே" என்று அங்கிள் எழுந்து பூச்சாடியை நகர்த்திவிட்டார்.

தொடரின் அன்றைய கதையில் பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். வீட்டிலிருக்கும் குப்பை கூளத்தையெல்லாம் அவசரமாக ஓர் அறையில் தள்ளிப் பூட்டிவிட்டு, வந்தவர்களை வரவேற்று உட்கார வைத்துவிட்டு, பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். பெண் பூட்டிய அறைக்குள் இருக்கிறாள். சாவியை மாப்பிள்ளையின் தாத்தா பாக்கு என்று நினைத்து வெற்றிலையோடு மடித்துக்கொண்டிருக்கிறார். பையன் சிரித்தான், ஷீபா தலையைக் குனிந்து சிரித்தாள். பையனின் அம்மா சிரிக்கவில்லை. பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"இது எங்க பெரிய பொண்ணுக்கு நடந்தது," என்றார் மெதுவாக. "யாரோ எங்க வீட்லேர்ந்து போயி சொல்றாங்க. ரொம்ப நாளா பாத்துக்கினே இருக்கேன். மண்டபம் மாறிப் போனது, பொடவ ஏலம், எல்லாமே எங்க கததான்."

அவருடைய கணவர் எங்களைப் பார்த்து, மன்னித்துவிடுங்கள் என்பது போலத் தலையசைத்தார்.

ஷீபா அம்மாவையே பார்த்தாள். எதையும் கேட்பதில்லை என்றுதான் சத்தியம். சொல்வதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"மன்னிக்கணும் சிஸ்டர். மண்டபம் எங்களுது. ஏலமும் எங்களுது. அது பொடவையே இல்ல, கேக்கு."

ஷீபா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாட்சி?" என்றார் அந்த அம்மா.

அந்த வீட்டில் அந்தச் சொல்லை ஆண்ட்டியைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. பலகாரத் தட்டோடு நின்ற என்னை நோக்கிக் கை நீட்டினார்.

"இதோ இவ. பக்கத்துலயே இருந்தா. இந்த வீட்ல நடக்கறது ஒண்ணு விடாம இவளுக்குத் தெரியும். வெளிய ஒரு வார்த்த போனதில்ல. கேளுங்க."

ஏலத்தை முதலிலிருந்து முடிவுவரை வரிசையாகச் சொன்னேன், பிழை அறிக்கை வாசிப்பதுபோல. தூண் வந்ததும் பையனின் அப்பா இருமத் தொடங்கினார். கேக் ஒரு மாதம் தீரவில்லை என்றதும் பையனின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு அவர் முறை. அதன்பின் மணிக்கணக்காக நடந்தது பெண் பார்க்கும் சடங்கு அல்ல. இரண்டு வீட்டு அவமானங்களும் ஒவ்வொன்றாகச் சபைக்கு வந்தன. யாருடையது பெரியது என்று பலத்த போட்டி. ஆண்ட்டி இத்தனை காலம் கன்னடத்தில் பூட்டி வைத்ததையெல்லாம் அழகான தமிழில் கொட்டினார். அவர் கேள்வியே கேட்காமல், மாப்பிள்ளை வீட்டைப் பற்றி எந்த செக்யூரிட்டியும் சொல்லியிருக்க முடியாத தகவல்கள் எல்லாம் தானாக வந்து சேர்ந்தன. எழுந்து போகும்போது, "இனிமே நமக்குள்ள மறைக்க என்னா இருக்கு சம்மந்தி" என்றார் அந்த அம்மா. ஷீபா என் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள்.

கல்யாணம் நடந்தது. மண்டபத்தைச் சரிபார்க்க ஆண்ட்டி காலையிலேயே என்னைத் தனியாக அனுப்பினார்.

நான் இப்போது அதே ஊரில், அடுகோடியில் என் குடும்பத்தோடு இருக்கிறேன். வீட்டில் ஏதாவது கேலிக்கூத்து நடந்தால், அது அடிக்கடி நடக்கிறது, ஆண்ட்டிக்குத்தான் போன் செய்கிறேன். கடைசிவரை சிரிக்காமல் கேட்பார். கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வேற யாருகிட்டயும் சொல்லலியே?" என்பார்.

"இல்ல ஆண்ட்டி. உங்ககிட்ட மட்டுந்தான்" என்பேன். அது உண்மைதான்.