சுவரை இடித்து வரவேற்ற மெஷின்

பார்க்காத பொருளைப் பற்றிப் பேசும்போது மனிதனுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்துவிடுகிறது. பார்த்த பொருள் என்றால் நாலு பேர் மறுத்துப் பேசுவார்கள். பார்க்காததற்கு அந்தத் தொல்லையே இல்லை. அடுத்த வருடம் வரப்போகும் ஆபீஸ் லேப்டாப் அப்பளம் கனம்தான் இருக்கும், வயர் செருக ஓரத்தில் ஒரு ஓட்டைகூட இருக்காது, பின்பக்கமாக முழுசாக மடங்கும் என்று என் அக்கா பேரன் போன வாரம் சூடம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "நீ பார்த்தாயா?" என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்தத் தொழிலில் அவனுக்கு நான் ரொம்ப சீனியர்.

எழுபதுகளின் நடுவில், மலையாளத்து மலையில் பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரி ஆபீசில் இளைய கிளார்க்காக இருந்தேன். சொந்த ஊர் வடகரப்பதி. கடலைக்காயும் சோளமும் போடும் குடும்பம். (எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்தான் என்று சொல்ல ஆசை. பி.யூ.சி.யோடு வண்டி நின்றுவிட்டது.) வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர், அதாவது எஸ்டேட் பாஷையில் தொரை, மனசு வைக்க வேண்டும்.

ஆனால் தொரையைவிட எனக்கு முக்கியமானவர் ஹெட் கிளார்க் சங்கரலிங்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். எந்த வெயிலிலும் கழுத்தில் மப்ளர். அவருடைய மகள் கோமதி எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். கோமதியைக் கட்டிக்கொள்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த முடிவு அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டும் தெரியாது. ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு பை கடலைக்காய் கொண்டுவந்து அவர் மேசையில் வைப்பேன். கடலைக்காயை ஏற்றுக்கொண்டார். என்னை ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் தொரை ஒருநாள் ஆபீசுக்குள் வந்து, "கணக்குப் போட ஒரு புதிய மெஷின் வாங்குந்நு. ஞான் கொச்சியில் போய் கொண்டுவரும். அதுக்குள்ள இடம் ஒதுக்கி வையுங்கோ" என்று அரை மலையாளத்தில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஆபீசில் வேலை நின்றது, ஆராய்ச்சி தொடங்கியது. தையல் மெஷின் மாதிரி காலால் மிதிப்பதாக இருக்கும் என்றார் டைப்பிஸ்ட் வர்க்கீஸ். எனக்குச் சிரிப்பு வந்தது. கோயம்புத்தூரில் முடிவெட்டப் போன இடத்தில் ஒரு பத்திரிகையில் கம்ப்யூட்டர் படம் பார்த்திருக்கிறேன். (பாதிப் படம். மீதியைக் கிழித்து சவரக் கத்தி துடைத்திருந்தார்கள்.)

"பீரோ அளவு இருக்குமுங்க. ரெண்டு பீரோவை ஒட்டி வெச்ச மாதிரி" என்றேன்.

"எப்படிச் சொல்லுதீரு?" என்றார் ஹெட் கிளார்க். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. விடுவேனா?

"அஞ்சு கிளார்க் பண்ற வேலைய ஒரு மெஷின் பண்ணோணும்னா, அது ரெண்டு ஆள் தண்டியாவது இருக்கோணுமுங்களே! இத்தனை ஊர் இருக்க இந்த மலைக்கு ஏனுங்க கொண்டாறாங்க? பவர் ஹவுஸ் பக்கத்துல இருக்குதுங்க. அது குடிக்கிற கரண்டு அப்படி!"

ஆபீசே தலையாட்டியது. இதில் எங்கள் தப்பு பாதிதான். தேயிலை ஃபாக்டரியில் மெஷின் என்றால் பெரிசு. இலை உருட்டுகிற ரோலரும் சரி, காயவைக்கிற டிரையரும் சரி, லாரியில்தான் வரும். வந்தால் வாசலில் நுழையாது. சுவரை இடித்து உள்ளே விட்டு, பிறகு சுவரைக் கட்டுவதுதான் வழக்கம். அதற்கு முந்தின மழைக்காலத்தில் புது டிரையர் வந்தபோது சுவரை முன்கூட்டி இடிக்காததால் அது வெளியே நனைந்துகொண்டு நின்றது. தொரை அன்றைக்குப் பேசிய மலையாளத்தை வர்க்கீஸ் எங்களுக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

"இந்தத் தடவ ஏச்சு வாங்கக் கூடாது" என்றார் ஹெட் கிளார்க். அவ்வளவு பெரிய மெஷின் கொள்ளும் அறை ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய அறை.

மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த கோமதி, நான் சாக்பீசால் சுவரில் அளவு போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க அந்த மெஷினப் பாத்திருக்கீகளா?"

"பாக்கோணும்னே இல்லீங்க டீச்சர். யோசிச்சாலே தெரியுமுங்க."

"அப்பா எங்கன உக்காருவாக?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவர் வராந்தாவில் உட்கார்ந்தார். பனி நேராக வந்து மோதும் வராந்தா. மப்ளருக்கு மேல் இன்னொரு மப்ளர் சுற்றிக்கொண்டு, கடப்பாறையை என் கையில் கொடுத்து, "மொதக் குத்து நீரே குத்தும்" என்றார். மாமனார் கையால் பெண்ணையே வாங்கிக்கொண்ட மாதிரி பூரிப்போடு குத்தினேன். சாயங்காலத்துக்குள் ஜன்னலும் சுவரும் போய், யானை நுழையும் அளவுக்கு வழி பிறந்தது.

தொரை வரும் நாளும் வந்தது. பூசணிக்காய், சூடம், மாலை, மெஷினின் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம், இழுக்க வடம், வடம் பிடிக்க ஃபாக்டரி ஆட்கள் எல்லாம் தயார். புதுமை காட்டக் கோமதி பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்திருந்தாள். ஜீப் வந்தது. தொரை இறங்கினார். நாங்கள் எல்லோரும் அவரைத் தாண்டி ரோட்டைப் பார்த்தோம்.

"லாரி பொறகால வருதுங்களா தொரை?" என்றேன்.

"ஏது லாரி?"

"மெஷினுங்க..."

தொரை கோட்டுப் பைக்குள் கைவிட்டார். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு பட்டனை அமுக்கினார். சிவப்பாக ஒரு சைபர் எரிந்தது.

வடத்தை முதலில் யார் கீழே போட்டார்கள் என்று தெரியாது. ஹெட் கிளார்க் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். பழத்தை மெஷினுக்கு அடியில் வைப்பதா, மெஷினைப் பழத்தின் மேல் வைப்பதா என்பது அவர் கவலை. "டீச்சர், மெஷின் எப்ப வரும்?" என்றது ஒரு பிள்ளை. கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் தொரை சுவரைப் பார்த்தார். சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார் என்பதே சரி.

"ஆரா இது பொளிச்சது?"

ஆபீஸ் முழுவதும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தது. வேலையும் போச்சு, கோமதியும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஹெட் கிளார்க் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

"எடம் ஒதுக்கச் சொன்னீக தொரை. கொஞ்சம் தாராளமா ஒதுக்கிட்டோம்" என்றார்.

தொரை, இடித்தவனே கட்ட வேண்டும், கட்டி முடிக்காமல் வேலை நிரந்தரமாகாது என்று சொல்லிவிட்டு, யானை வழியாகவே உள்ளே நடந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினேன். ஊரில் வயலுக்கு வரப்பு வைத்த அனுபவத்தைத் தவிர வேறு தகுதி கிடையாது. ஹெட் கிளார்க் எதிரே நாற்காலி போட்டு, கடலைக்காய் உரித்துத் தின்றுகொண்டே மேற்பார்வை பார்த்தார். மரியாதை போய் ஒருமை வந்திருந்தது. எனக்கு அது இனித்தது. "ஏலே, அந்தக் கல்லு உன்னப் பாத்துச் சிரிக்கி. எடுத்து வேற வை." கோமதி தேத்தண்ணி கொண்டுவருவாள். தூக்குக்குண்டு நூலை அவள் பிடித்தால் என் கண் குண்டில் நிற்காது. அதனால் சுவர் நடுவில் தொந்தி போட்டுவிட்டது.

"என்னைய ஏனுங்க அன்னிக்குக் காப்பாத்துனீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒனக்கு வேல போச்சுன்னா கடலக்கா யாருல கொண்டாருவா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிமெண்ட் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வேலை நிரந்தரமானதும் என் அப்பாவும் அம்மாவும் பெண் கேட்க மலையேறி வந்தார்கள். அப்பா ஒளிவுமறைவு இல்லாத விவசாயி. "ஏனுங்க, எம்பட பையன் இங்க எப்படீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

ஹெட் கிளார்க் அவரை ஆபீசுக்கு அழைத்துப் போனார். தொந்திச் சுவரைக் காட்டினார். தோளைக் கொடுத்து ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். சுவர் அசையவில்லை.

"கோணல்தான். ஆனா நிக்கும்" என்றார். கல்யாணம் நிச்சயமாயிற்று.

கோமதி மாசமாக இருந்தபோது, "பையன்தானுங்க மாமா, சந்தேகமே வேண்டாம்" என்றேன். மாமனார் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் கடப்பாறை. "எந்தச் சொவருன்னு சொல்லும் மாப்ளே." பிறந்தது பெண்.

அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவர் கேள்வி போகவில்லை. எங்கள் வீட்டில் யார் எதைப் பற்றி அடித்துப் பேசினாலும், "எந்தச் சுவரு?" என்று ஒரு குரல் வரும். நேற்று நான் வானத்தைப் பார்த்து, "இன்னிக்கு மழை வராது, எழுதி வெச்சுக்க" என்றேன். கோமதி "எந்தச் சுவரு?" என்றுகூடக் கேட்கவில்லை. கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போய்விட்டாள்.