எலுமிச்சம்பழம் ஒன்று

ஒரு காட்டில் நிலவிய ஏற்பாடுகளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சிங்கராசாவின் குகைக்குள் கோரிக்கையோடு நுழைபவர் எவராயினும், வாயிலில் உள்ள பதிவேட்டில் தம் பெயர், நோக்கம், கொண்டுவந்த பொருள் ஆகியவற்றை எழுத வேண்டும். இது சட்டம். பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகலாகாது. ஓர் எலுமிச்சம்பழமாவது வேண்டும். இது வழக்கம். இவ்விரண்டையும் ஒருசேரக் கடைப்பிடித்தவர் அதுவரை ஒருவரும் இலர்.

ஓடைக்கரைப் புல்வெளியில் விடுதி கட்ட நரி வரதப்பன் அனுமதி கேட்டிருந்தது. அங்கேதான் முயல்களின் வளைகள் இருந்தன. ஆகவே, முயல்கள் நலச் சங்கத்தின் செயலாளரான செந்திரு என்னும் முயல், தடைகோரும் மனுவோடு குகைக்கு வந்தது.

பதிவேட்டைக் காத்துவந்த முள்ளம்பன்றி ஏகாம்பரம், எழுதுவதற்காகத் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி நீட்டியது. செந்திரு ஒரு கட்டத்தையும் விடவில்லை. 'கொண்டுவந்த பொருள்' என்னுமிடத்தில் 'எலுமிச்சம்பழம் ஒன்று' என எழுதியது.

"ஏம்மா, இதையுமா எழுதுவாங்க?" என்று பதறியது முள்ளம்பன்றி.

"கட்டம் இருக்கே அண்ணே?"

"இருந்தா? எல்லாரும் கோடு போட்டுட்டுப் போறாங்க. யானை ஒரு வாழைத்தோப்பையே தூக்கிட்டு வந்துச்சு. அதுவும் கோடுதான் போட்டுச்சு."

சிங்கம் பழத்தை முகர்ந்தது. "ஆவன செய்வோம்" என்றது.

மறுவாரம் நெறிமுறைக் குழு கூடியது. அதன் தலைவர் வரதப்பன். இருநூறு பதிவுகளில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது கோடுகளும் ஓர் எலுமிச்சம்பழமும் இருப்பதை அது கண்டறிந்தது.

"ராசாவை வளைச்சுப் போடப் பார்த்த சங்கம் இந்தக் காட்டுலயே ஒண்ணுதான்" என்றது நரி.

செந்திரு எழுந்தது. "தினமும் காலையில நீங்க ராசாவோட விடுதி விஷயம் பேசிக்கிட்டே போறீங்களே, அது எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"

"அது நடைப்பயிற்சி தாயி. குகைக்குள்ளயா நடக்கிறோம்? வேணும்னா நீயும் கூட வாயேன். என்ன, ராசாவுக்கு அது பசிக்கிற நேரம்."

செந்திரு உட்கார்ந்தது.

பின்னர் முடிவானவை வருமாறு: சங்கத்தின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. அங்கீகாரமற்ற சங்கத்தின் மனு என்பதால் அது படிக்கப்படவில்லை. முயல்கள் பாறைச்சரிவுக்குக் குடிபெயர்ந்தன. அங்கே புல் இல்லை. அண்டைக் காடுகள், குறையேதும் இல்லாதது என்று குகைவாயில் பதிவேட்டுக்குப் பரிசு அளித்தன. சான்றுப் பொருளான எலுமிச்சம்பழம் காணாமற்போனது. விடுதியின் திறப்பு விருந்தில் ஊறுகாய் நன்றாக இருந்ததாகச் சிங்கம் தெரிவித்தது.

நீதி: பெரியோரைக் காணச் செல்லுங்கால் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொண்டு செல்க, எழுத்தறிவை வீட்டில் வைத்துச் செல்க.