பிடி குப்பைகூட வெளியே போகாத வீடு

"இன்னையிலேர்ந்து எங்க வீட்டுலேர்ந்து ஒரு பிடி குப்பைகூட வெளிய போகாது. யார் வேணும்னாலும் வந்து சோதிச்சுப் பாத்துக்கலாம்!"

பெருநகரத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் குடியிருப்போர் கூட்டத்தில், தண்ணீர்த் தொட்டி கழுவும் தீர்மானத்துக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கான வழக்கமான சண்டைக்கும் நடுவில், ஒருவர் எழுந்து நின்று மார்பில் கைவைத்துச் செய்த சபதம் இது. கைதட்டல் எழுந்தது. தட்டியவர்களில் பாதிப் பேர் கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டியவர்கள். இருந்தாலும் தட்டியது தட்டியதுதானே? அந்த நிமிடம் உலகத்தில் இன்னொரு பசுமையாளர் பிறந்தார்.

இந்த இனம் உங்களுக்குப் புதிதில்லை. கட்டடத்துக்கு ஒருவராவது கட்டாயம் உண்டு. தோளில் துணிப்பை, துணிப்பைக்குள் இன்னொரு துணிப்பை, கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், கண்ணில் பிறர் வீட்டுக் குப்பைத் தொட்டியின் மேல் மாறாத அக்கறை. இந்த அடையாளங்களை வைத்துத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம், வேண்டுமானால் படிக்கட்டு மாறி இறங்கியும் தப்பிக்கலாம். இவர்கள் பிறவியிலேயே இப்படி இல்லை. நான்கு வருஷத்துக்கு முன் இதே ஆசாமி எல்லாரையும் தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லித் துரத்திக்கொண்டிருந்தார். அதற்கு முன் சர்க்கரையைச் சத்துரு என்று அறிவித்து, பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் மௌனம் அனுஷ்டித்தார். இப்போது பூமியின் முறை. பூமி பாவம், ஓடி ஒளியவும் முடியாது.

நம்மவர் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் துணை மேலாளர். வயது ஐம்பத்திரண்டு. மனைவி, பரிசோதனைக்கூடத்தில் ரத்தமும் மற்றவையும் சோதிப்பவர். ஆகையால் எதையும் பார்த்து முகம் சுளிக்கமாட்டார், எதையும் சோதிக்காமல் நம்பவும் மாட்டார். ஒரே மகள், வேறு நகரத்தில் நர்ஸ். அவள் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவளுடைய அறை காலியாக இருந்தது. "இருந்தது" என்பதைக் கொஞ்சம் அழுத்தி வாசியுங்கள்.

பூமியைக் காப்பாற்றப் புறப்படும் ஒருவர் முதலில் என்ன செய்வார்? கடைக்குப் போவார். சமையலறையில் பன்னிரண்டு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் உழைத்த பிளாஸ்டிக் டப்பாக்களை ஒரேயடியாக ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, அதே பருப்பைப் போட அதே அளவில் கண்ணாடி ஜாடிகள் வாங்கினார். மூங்கில் பல்துலக்கி வரவழைத்தார். துலக்கி ஒரு சாண். அது வந்த பெட்டி ஒரு முழம். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் மெத்தை, மெத்தைக்குள் பஞ்சு மாதிரி எதையோ கிழித்துத் திணித்த குவியல், குவியலுக்கடியில் "பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது" என்று பளபளக்கும் ஒரு அட்டை. அந்த அட்டையையும் அவர் எறியவில்லை. மெத்தையை எறியவில்லை. பெட்டிகள் இரண்டையும் எறியவில்லை.

எப்படி எறிவார்? வீட்டில் யாராவது எதையாவது கையில் எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓரடி வைத்தால் போதும், எங்கிருந்தோ குரல் வரும்.

"அது எங்க போகும்னு யோசிச்சியா?"

"எங்கயும் போகாது," என்பார் மனைவி. "நம்ம வீட்டுலதான் இருக்கும்."

அலுவலகத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்க வேண்டும், பழைய தாளின் வெற்றுப் பக்கத்தை வீணாக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். விளைவாக, வெள்ளத்தில் கார் போன ஒரு வாடிக்கையாளருக்கு "உங்கள் கோரிக்கையைப் பரிசீலித்து வருகிறோம்" என்ற கடிதம் ஒரு பக்கமும், மேலாளர் மூல ஆபரேஷனுக்காக எழுதிய விடுப்பு விண்ணப்பம் மறுபக்கமுமாகப் போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர் நல்ல மனிதர். கார் பற்றி ஒன்றும் கேட்காமல், மேலாளர் சீக்கிரம் குணமாக வாழ்த்தி எழுதியிருந்தார்.

ஆனால் பசுமையாளரின் உண்மையான களம் அடுத்த வீட்டு வாசல். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நீளக் குச்சியுடன் மாடி மாடியாக இறங்கி, வாசலில் வைத்திருக்கும் தொட்டிகளின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். இரண்டாம் மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார்.

"டாக்டர், ஒரே வாரத்துல மூணு பிட்சா பெட்டி. பல்லு உங்களுது, சரி. பூமி எல்லாருக்கும் பொதுவில்லையா?"

"சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க," என்று டாக்டர் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். "என் பொண்டாட்டிக்கு அந்த பிட்சா விஷயமே தெரியாது."

வாட்ச்மேன் அவருக்கு 'ஜீரோ சார்' என்று பெயர் வைத்தார். கட்டடத்திலேயே குப்பை போடாத ஒரே வீடு அவருடையதுதான். அதில் சந்தேகமே இல்லை. பதினொரு மாதமாக அந்த வீட்டிலிருந்து ஒரு பிடி குப்பைகூட வெளியே வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்களா? வாருங்கள், மகளுடைய அறையைப் பார்ப்போம். பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். கதவு பாதிதான் திறக்கும். கட்டில் மேல் அட்டைப்பெட்டிகள், ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் ஒன்று. மேஜை மேல் கழுவிக் கவிழ்த்த ஜாம் பாட்டில்கள் அறுபத்து மூன்று. முட்டை அட்டைகள் சுவரோரம் இடுப்பளவு. சுவரில் ஒட்டினால் சத்தம் உள்ளே வராதாம். செத்துப்போன மூன்று போன், எதற்கென்று யாருக்கும் நினைவில்லாத ஒயர்கள், பிளேடு போன மிக்ஸி, கைப்பிடி போன குடைகள். ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு கயிறு. கயிறு முழுக்க, சோப்புப் போட்டுக் கழுவிய பால் கவர்கள் கிளிப் மாட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. சட்டையை வாஷிங் மெஷினில் போடக்கூட அலுத்துக்கொள்ளும் மனிதர், பால் கவரைக் கையால் துவைத்தார். ஒவ்வொன்றும் ஒருநாள் எதற்காவது உதவும். எந்த நாள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இந்த நிலைமையில், ஒரு செவ்வாய்க்கிழமை மகள் போன் செய்தாள்.

"அப்பா, நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலயே வேலை கிடைச்சிருச்சு! சனிக்கிழமை வர்றேன்."

பசுமையாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மூன்று வருஷமாக ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அவள் கூப்பிடுவாள் என்று ஆறரை மணிக்கே போனைச் சார்ஜில் போட்டு எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர். கேலி செய்கிறோம் என்பதற்காக அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

"என் ரூம் எப்படிப்பா இருக்கு?"

"நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கும்மா."

"படுக்கலாமில்ல? என்கூட சேர்ற ரெண்டு பேரு ஹாஸ்டல் பாத்திருக்காங்க. மூணு பேருக்கு ஒரு ரூம். சேர்ந்தா ஒரு வருஷத்துக்கு மாற முடியாதாம். இடம் இல்லன்னா சொல்லிடுங்க, நான் அங்கயே போயிடறேன்."

"சொந்த வீடு இருக்கறப்ப ஹாஸ்டல் எதுக்கு? வா நீ."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மனைவி கைகட்டி நின்றிருந்தார்.

"ஒரு டப்பாவைக்கூட நான் தொடமாட்டேன். நீங்க காப்பாத்துன பூமி, நீங்களே எடுத்து வைங்க."

நான்கு நாள் இருந்தது. புதன்கிழமை பழைய பேப்பர் வாங்குபவரைக் கூப்பிட்டார். அவர் பக்கவாட்டில் நுழைந்து, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அப்படியே பின்பக்கமாக வெளியே வந்தார்.

"பேப்பர்னா எடுப்பேன் சார், இரும்புன்னா எடுப்பேன். அட்டை, பாட்டிலுக்கெல்லாம் இப்ப விலையே இல்ல. இதெல்லாம் குப்பை."

"குப்பையா? எல்லாம் கழுவி வச்சதுய்யா!"

"குளிப்பாட்டினா மட்டும் என்ன சார், கவர் கவர்தானே?"

வியாழக்கிழமை ஜாம் பாட்டில்களைப் பரிசுப் பொருள் போலத் துணியில் சுற்றிக்கொண்டு மாடி மாடியாக இறங்கினார். பல் டாக்டர் கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசினார். "போன தடவை குடுத்த பதினொண்ணே இன்னும் அப்படியே இருக்கு சார். வேணும்னா அதையும் எடுத்துட்டுப் போங்க." இவர் மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டு வந்தார். இறங்கிப் போனபோது அறுபத்து மூன்று. ஏறி வந்தபோது எழுபத்து நான்கு.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு அறையை ஒழித்தார். ஒழித்தார் என்றால், அறையில் இருந்ததைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். கூடம் நிரம்பியதும் பால்கனிக்கு. பால்கனியில் மண்புழு உரத் தொட்டி இருந்ததால் அங்கிருந்து மறுபடி அறைக்கு. சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து திரும்பி, கால் வைக்க இடம் தேடி, வாசலில் ஒற்றைக்காலில் நின்றார்.

அப்போது மகளிடமிருந்து செய்தி வந்தது. "ஹாஸ்டல்ல நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள சொல்லணுமாம். ரூமை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா."

பசுமையாளர் அறைக்குள் பல கோணங்களில் வளைந்து பார்த்து, கடைசியில் முட்டை அட்டைகள் மேல் ஏறி நின்று, ஜன்னலின் மேல் பாதியைப் படமெடுத்து அனுப்பினார்.

"ஜன்னல் இருக்கறது தெரியும்ப்பா. கட்டில் எங்க?"

அவர் பதில் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். மறுமுனையில் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "பரவால்லப்பா. ஹாஸ்டலுக்கே சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்."

அந்தக் கடைசி வரியை அவர் நாலைந்து தடவை படித்தார். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரி வந்து போவாளாமே! பிறகு விறுவிறுவென்று தட்டினார். "பத்து மணி வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் சொல்லாதே. அப்பா போட்டோ அனுப்பறேன்."

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பசுமையாளர் மூட்டை கட்ட ஆரம்பித்தார். துணிப்பைகள் போதவில்லை, படுக்கை விரிப்புகளும் இறங்கின. கீழே இருக்கும் பொதுத் தொட்டியில் போட முடியுமா? வாட்ச்மேன் என்ன நினைப்பார்? பல் டாக்டர் என்ன சொல்வார்? ஆகவே எல்லாம் காருக்குப் போயின. ஆறாவது நடையில் மனைவி எழுந்து வந்தார். சபதப்படி ஒரு டப்பாவையும் தொடவில்லை. லிஃப்ட் கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார்.

"ஊருக்கா சார்?" என்றார் வாட்ச்மேன்.

"ஆமா... கொஞ்சம் சாமான்."

நான்கு தெரு தள்ளி, யாருக்கும் அவரைத் தெரியாத ஒரு முனையில், ஆள் உயரத்துக்கு மாநகராட்சித் தொட்டி ஒன்று இருக்கிறது. பசுமையாளர் காரை நிறுத்தினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பெட்டிகள் போயின, முட்டை அட்டைகள் போயின, எழுபத்து நான்கு பாட்டிலும் ஒவ்வொன்றாகக் கலகலத்துப் போயின. பால் கவர் மூட்டையைத் தூக்கியபோது, ஒரு கையில் நாய்க்குட்டியும் மறுகையில் உள்ளங்கை அளவு குப்பைப் பொட்டலமுமாக ஒரு அம்மாள் வந்து நின்றார். மூட்டையைப் பார்த்தார். திறந்திருந்த டிக்கியைப் பார்த்தார்.

வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பார்கள். நம்மவர் நிமிர்ந்தார்.

"ஏம்மா, ஈரக் குப்பை, காஞ்ச குப்பை பிரிச்சுத்தான் கொண்டுவந்தீங்களா?"

"நீங்க?"

"நான் எல்லாத்தையும் கழுவித்தான் போடறேன்," என்று சொல்லி, மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு, காரில் ஏறி ஏசியைப் போட்டார்.

ஒன்பதே முக்காலுக்குக் கட்டிலின் படம் போனது. அன்று மத்தியானம் அவருடைய மகள் அந்தக் கட்டிலில் குறட்டை விட்டுத் தூங்கினாள். அவர் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடப்பவர்களை எல்லாம் உஸ்ஸென்று அடக்கிக்கொண்டிருந்தார். கட்டடத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் ஜீரோ சார்தான்.

சிரித்தாயிற்றா? நல்லது. இப்போது மெல்ல எழுந்து உங்கள் சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்து பாருங்கள். ஆணியில் ஒரு பை தொங்கும். அதற்குள் மடித்து மடித்துத் திணித்த பைகள். எண்ண வேண்டாம். வீட்டில் யாராவது பார்த்துவிட்டால், ஒருநாள் உதவும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள்.