தாராளமாகப் போகும்

மனிதர்களில் தாராளக்காரர் என்று ஓர் இனம் உண்டு. காசில் தாராளம் காட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களை நம் ஜில்லாவில் விளக்கு வைத்துத் தேட வேண்டும். இவர் எங்கும் கிடைப்பார். ‘இந்தக் கயிறு கிணற்றுக்கு எட்டுமா?’ என்று கேளுங்கள். கயிற்றையும் பார்க்க மாட்டார், கிணற்றையும் பார்க்க மாட்டார், “தாராளமா எட்டும்” என்பார். பந்திக்கு அரிசி காணுமா, சட்டைக்குத் துணி காணுமா, ஆற்றில் தண்ணீர் இடுப்புக்குக் கீழேதானே, மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேரலாமா, இந்த ஓடு இன்னும் ஒரு வருஷம் தாங்குமா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான். கேட்டவன் நெஞ்சு குளிர்ந்து போகிறான். பிறகு வாளி கிணற்றின் நடுவில் தொங்குகிறது, கடைசிப் பந்தி வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆற்றில் இறங்கியவன் தன் வேட்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்போது தாராளக்காரர் அங்கே இருக்க மாட்டார். அடுத்த தெருவில் வேறொருவனுக்குத் தாராளம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஏன் இப்படி? பொய்யரா? பாவம், அதெல்லாம் இல்லை. ‘போதாது’ என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு வாய் வராது. சொன்னால் எதிரே நிற்பவன் முகம் வாடிவிடுமே. அதைக் காணப் பொறுக்காத இளகிய மனசு. ஆகவே அந்த முகம் பிற்பாடு, தாம் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வாடிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்துவிடுகிறார்.

இந்த இனத்துக்குத் தாமிரவருணிக் கரையில் திலகமாக விளங்கியவர் அம்பாசமுத்திரம் வைத்தியலிங்கம் பிள்ளை. ஆற்றுப் பாசனத்தில் வயலும், நெல் குத்துகிற மில் ஒன்றும் உடையவர். மில்லை ஓட்ட எண்ணெய் எஞ்சின் வைத்திருந்தார். மதராஸில் மோட்டார் கார் விற்கிற ஏஜெண்டு ஒருவன் இதைக் கேள்விப்பட்டு, அந்த எஞ்சினோடு ஒரு டைனமோவைச் சேர்த்துவிட்டால் மின்சாரத்தில் ஓடும் மோட்டாரே வைத்துக்கொள்ளலாமே என்று ஆசை காட்டினான். பெட்ரோல் நாற்றம் இல்லை, புகை இல்லை, வண்டியைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்றித் தோள்பட்டை நழுவ வேண்டியதில்லை. பாட்டரியில் ஒரு தரம் மின்சாரம் ஏற்றினால் எண்பது மைல். அச்சடித்த காகிதமே காட்டினான். ஒரு தாராளக்காரரை இன்னொரு தாராளக்காரர் சந்தித்தால் என்ன ஆகும்? வண்டி ரயிலேறி வந்து சேர்ந்தது.

அந்த எண்பது மைலை எப்படி அளந்தார்கள் தெரியுமா? வெண்ணெய் தடவினது போன்ற சாலை, காற்று அடிக்காத நாள், புத்தம் புதுப் பாட்டரி, உள்ளே உட்கார்ந்தவன் ஒல்லியான ஒரே ஒரு துரை. அவனுக்கும் போய்ச் சேர வேண்டிய ஊர் எதுவும் கிடையாது. இந்த விவரம் காகிதத்தில் இல்லை. எண்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

வண்டி வந்த முதல் மாதமே பாபநாசம் போகும் ஏற்றத்தில் அது மூச்சை விட்டுவிட்டது. “ஏத்தம்லா வே, ஏத்தத்துக்குத் தனிக் கணக்கு” என்றார் பிள்ளை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து திரும்பும்போது நின்றது. எதிர்க்காற்று. கோடையில் நின்றது, வெயில். ஐப்பசியில் நின்றது, ஈரம். மின்சாரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்ட வண்டிக்குள் வட்டமான ஒரு கண்ணாடியும் அதற்குள் ஒரு முள்ளும் இருந்தன. அந்த முள் நல்ல சேதி சொன்னால் பிள்ளைவாள் அதை நம்புவார். கெட்ட சேதி சொன்னால் முள்ளில் கோளாறு. எத்தனை தரம் நின்றாலும் எண்பது என்ற எண் மட்டும் எண்பதாகவே இருந்தது. நின்றதெல்லாம் காற்றின் பிழை, மேட்டின் பிழை, பருவத்தின் பிழை.

பிள்ளைவாளுக்கு ஒரே தங்கை, சொர்ணாம்பாள். சீவலப்பேரியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷனை இழந்து நாலைந்து வருஷம் ஆகிறது. அவன் போன சூட்டோடு நிலத்தைப் பறிக்கப் பார்த்த கொழுந்தனோடு மல்லுக்கட்டி, முகத்தில் முழிக்காமல் ஒதுங்கி, ஒரே மகள் கோமுவை வளர்த்து ஆளாக்கி, இப்போது கல்யாணம் நிச்சயித்திருந்தாள். தகப்பனில்லாத பெண்ணுக்குத் தாய்மாமனும் மாமியும் ஜோடியாக மணவறையில் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். தாலி அறுத்தவள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது ஊர் வைத்திருந்த சட்டம். ஆகவே அவளுக்கு அந்த நாளில் முன்னே நிற்க அண்ணனைத் தவிர வேறு ஆள் இல்லை.

அழைக்க வந்தவள் ஒன்றுதான் கேட்டாள். “ரெண்டு நாள் முந்தியே வந்திருங்கண்ணே.”

“எதுக்கு ரெண்டு நாள்? மோட்டார் நிக்குல்லா. அன்னைக்கு விடியப் புறப்பட்டா காப்பிக்கு அங்கன நிப்பேன்.”

“முப்பது மைலுக்கு மேல இருக்கே. அம்புட்டு தூரம் போகுமா?”

“தாராளமாப் போகும். போயிட்டு வரவும் காணும்.”

சொர்ணாம்பாள் நெஞ்சு குளிர்ந்து ஊர் திரும்பினாள்.

பிள்ளைவாளின் மனைவி வடிவம்மாள் மட்டும் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். “இங்கேருங்க, முந்தின நாளே ரயில்ல போயி, திருநவேலியில வண்டி பிடிச்சுருவமே.” வீட்டில் மோட்டாரை நிறுத்திவிட்டு ரயிலில் போய் இறங்கினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் சீர்ச் சாமான்களை எடுத்துவைக்கப் போனாள். முப்பது வருஷமாக அவருடைய தாராளத்துக்குப் பின்னால் அரிசி கடன் வாங்கி ஓடுகிறவள் அவள்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் வண்டி புறப்பட்டது. தாய்மாமன் சீர் இல்லாமல் வெறுங்கையோடு போவாரா? வாழைத்தார்கள், தேங்காய்ச் சாக்கு, வெண்கலப் பானை, குத்துவிளக்கு ஜோடி, சொந்த மில்லில் குத்தின அரிசி ஒரு மூட்டை. அந்த ஒல்லித் துரை வாழைத்தாரோடு ஏறியிருந்தால் காகிதத்தில் என்ன அச்சாகியிருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. வீரவநல்லூரில், மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி அகமது மீரான், நெசவாளர்களிடம் வாங்கின சேலைக் கட்டுகளோடு சாலையோரம் நின்றுகொண்டிருந்தார். சிநேகிதர் ஒருவர் வெயிலில் நிற்க, பிள்ளைவாள் மோட்டாரில் விசுக்கென்று போய்விடுவாரா?

“ஏறும் வே.”

“கட்டு பூராவுமா? கனம் தாங்குமா அண்ணாச்சி?”

“தாராளமாத் தாங்கும்.”

பத்தமடை வருவதற்குள் முள் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. பிள்ளைவாள் ஓரக்கண்ணால் பார்த்தார். மேலச்செவலில் இன்னும் இறங்கியது. வெயில் நேரே கண்ணாடியில் அடிப்பதால்தான் முள் இப்படிச் சுருங்குகிறது என்று விளக்கம் சொல்லி, தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து அதன் மேல் போர்த்திவிட்டார். அதற்குப் பிறகு முள் இறங்கவில்லை. அதாவது, இறங்கியது யாருக்கும் தெரியவில்லை.

மேலப்பாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால், வாய்க்கால் பாலத்து மேட்டில், வண்டி முனகிக்கொண்டு நின்றது. மீரானும் வழியில் போன நாலு பேரும் தள்ளிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் சேர்த்தார்கள். நன்னாரி சர்பத் வந்தது. மீரான் கட்டுகளை இறக்கிவிட்டு, பின்கட்டில் நின்ற குதிரை வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தார்.

“அண்ணாச்சி, நம்ம குதிரை வண்டியில போயிருங்க. முகூர்த்தத்துக்கு நேரம் கிடக்கு, நிம்மதியாச் சேந்திரலாம். மோட்டார் இங்கன நிக்கட்டும், நாளைக்கு மாடு கட்டி இழுத்துக்கிடலாம்.”

இங்கேதான் விதி விளையாடியது. பாட்டரி என்ற வஸ்துவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. களைத்து விழுந்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா விட்டால், மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து உட்காரும். உடம்பு தேறிவிட்டது போலவே இருக்கும். பிள்ளைவாள் அங்கவஸ்திரத்தை விலக்கிப் பார்த்தார். முள் மேலே ஏறியிருந்தது.

“பாத்தீரா வே? அதுக்கு ஒண்ணும் இல்ல. சித்த ஓய்வு கேட்டுருக்கு.”

நெஞ்சின் ஒரு மூலையில் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பாபநாசத்திலும் இப்படித்தான் முள் எழுந்தது, இப்படித்தான் விழுந்தது. ஆனால் குதிரை வண்டியில் போய்ப் பந்தலில் இறங்கினால் முதலில் என்ன கேட்பார்கள்? மோட்டார் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அவருடைய காதில் இப்போதே விழுந்தது. தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது, வந்தவுடன் கேள்வி அதை மறைத்துவிட்டது.

“போயிருமாங்க?” என்றாள் வடிவம்மாள்.

“தாராளமா.”

“இன்ஷா அல்லா, போய்ச் சேருவீங்க” என்றார் மீரான். அவர் பொறுப்பை ஒப்படைக்க வேண்டிய இடத்தில் ஒப்படைத்துவிட்டார். பிள்ளைவாளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பாளையங்கோட்டைத் தெருக்களில் மணியடித்துக்கொண்டு வண்டி ஜோராகத்தான் போனது. ஊர் தாண்டி, பனைகளும் செம்மண்ணுமான சீவலப்பேரிச் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் நின்றது. பின்னால் வைக்கோல் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வந்த அப்பாத்துரை என்பவன் மாட்டை நிறுத்தினான்.

“அண்ணாச்சி, கல்யாணத்துக்கா? ஏறிக்கிடுங்க. நான் பக்கத்து ஊரு விலக்குல திரும்பணும், ஆனா உங்களுக்காகச் சீவலப்பேரியில விட்டுட்டுப் போறேன்.”

வடிவம்மாள் குத்துவிளக்கைக் கையில் எடுத்துவிட்டாள். பிள்ளைவாள் முள்ளைப் பார்த்தார். அது மயிரிழை எழுந்திருந்தது. “நீ போ வே. நாங்க உனக்கு முந்திப் போயிருவோம்.” சொன்னபடியே வண்டி கிளம்பி, மாட்டு வண்டியை முந்தி, செம்மண்ணை வாரி அப்பாத்துரையின் முகத்தில் இறைத்துவிட்டு, இரண்டு பனைக்கூட்டம் தாண்டிப் போய் நின்றது. திரும்பிப் பார்த்தார்கள். அப்பாத்துரை தன் விலக்கில் திரும்பி, தூரத்தில் ஒரு புழுதியாகப் போய்க்கொண்டிருந்தான்.

இந்த முறை முள் எழவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வடிவம்மாள் கீழே இறங்கினாள். கோபமாகப் பேசியிருந்தால் பிள்ளைவாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நான் நடக்கேன். முள் ஏறுனதும் வாங்க” என்றாள்.

அவர் அவள் முதுகைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மறுபடி முதுகைப் பார்த்தார். பிறகு ஒரு வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பட்டு வேட்டி காலைத் தட்டியது. நாதசுரம் கேட்கிறதா என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு ஓடினார். ஊர் நெருங்கியபோது கெட்டிமேளம் கேட்டது. கேட்டு, நின்றும் போனது.

பந்தலில் முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோமுவின் கழுத்தில் தாலி இருந்தது. முகூர்த்தம் முடியப் போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்திருக்கிறார்கள். ஜோடியாக நிற்க வேறு ஆளில்லாமல், சொர்ணாம்பாள் பின்கட்டிலிருந்து எழுந்து போய், இத்தனை வருஷம் முகத்தில் முழிக்காத அந்தக் கொழுந்தனிடமே கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். அவன் பெரிய மனசு பண்ணி, பெண்டாட்டியோடு வந்து நின்று தாரை வார்த்துக் கொடுத்திருக்கிறான். இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். இனிமேல் அந்த வீட்டில் எதுவும் அவனைக் கேட்காமல் நடக்காது.

சொர்ணாம்பாள் அண்ணனின் தோளிலிருந்து வாழைத்தாரை வாங்கிக் கீழே வைத்தாள். “சாப்பிடுங்கண்ணே” என்றாள். அவ்வளவுதான். ஏன் பிந்தியது என்று அவள் கேட்கவில்லை. அவர் காற்றைப் பற்றியும் மேட்டைப் பற்றியும் வழியெல்லாம் கோர்த்துவைத்திருந்த விளக்கங்களோடு போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் அழுதார் என்று வடிவம்மாள் பிற்பாடு சொல்வாள். கை கழுவப் போன இடத்தில், யாரும் பார்க்காமல்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். இந்த இனத்தை உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. மாலையில் மாடு கட்டி மோட்டாரை இழுத்து வந்து பந்தலுக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆண்கள் சுற்றிக் கூடினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் சக்கரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, ஒரு தரம் மின்சாரம் ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்று ஆசையோடு கேட்டார். பிள்ளைவாள் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் வாடுவதைக் காண அவரால் முடியாது.

“எண்பது மைல்” என்றார். “தாராளமா.”

உள்ளே இலை பொறுக்கிக்கொண்டிருந்த சொர்ணாம்பாளுக்கு அது கேட்டது. பக்கத்தில் இருந்த வடிவம்மாளிடம், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “அம்பாசமுத்திரம் பக்கத்துல இருக்குன்னு நெனச்சுல்லா மதினி, இத்தனை வருசமும் தைரியமா இருந்தேன்.”

வைத்தியலிங்கம் பிள்ளையைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு விஷயம். இன்றைக்கு உங்களை எங்கேயோ எதிர்பார்த்துக்கொண்டு யாரோ ஒருவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். அவரிடம் நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். சொல்லிவிட்டு, இதை வாசித்து முடித்துவிட்டே புறப்படலாம், நேரம் இருக்கிறது என்றுதானே உட்கார்ந்தீர்கள்?