பட்டி வைத்த ஸ்வெட்டர்

கண்ணி தவறி, மூன்றாவது முறையாக அன்னாள் ஸ்வெட்டரைப் பிரித்தாள். மஞ்சள் நூல் மடியில் சுருண்டு சுருண்டு விழுந்தது. பகல் முழுவதும் கொழுந்து எடுத்த விரல்கள். அவற்றின் வெடிப்பு ஒவ்வொன்றிலும் நூல் மாட்டிக்கொண்டு வந்தது.

“ஏட்டி, கடையில ஒண்ணு வாங்குனா ஆகாதா?” என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டான் ஆசீர்வாதம். தேயிலை ஃபாக்டரியில் நாளெல்லாம் நின்ற கால்களை அவன் சுவரில் தூக்கி வைத்திருந்தான்.

“கடையில எல்லாரும் வாங்குவாக. உங்க தங்கச்சிக்கு நாம வேற என்ன செஞ்சோம்?”

தாயில்லாத ஆன்மேரியின் பிரசவத்தைப் பார்த்திருக்க வேண்டியது அண்ணன் வீடு. விடிந்தால் இருவரும் வேலைக்கு ஓடும் சின்னக்கானல் எஸ்டேட்டின் லயத்து வீட்டில் அது முடியவில்லை. சக்குபள்ளத்தில் மாமியார் ஏலியாம்மாதான் எல்லாம் பார்த்துக்கொண்டாள். ஆன்மேரியின் கணவன் பிஜு நல்லவன். ஆனால் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் அந்த மலையாள வீட்டில், எஸ்டேட்டுத் தமிழ்ப்பெண் இன்னும் விருந்தாளியாகத்தான் இருந்தாள்.

“வேலைக்கு வர்றவங்களக்கூட மோளேன்னுதான் கூப்பிடுதாங்க மதினி,” என்று ஒருநாள் போனில் அழுதாள் ஆன்மேரி. “என்னைய மட்டும் ‘இவிடெ வா’ன்னு.”

மகளே என்று ஒரு சொல். அவ்வளவுதான். அதை வாங்கித் தர அன்னாளுக்குத் தெரிந்த ஒரே வழி பின்னல் ஊசி. ஞானஸ்நானத்தன்று குழந்தை தன் கையால் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டிருக்க வேண்டும். அதைப் பார்த்து ஏலியாம்மாவின் மனம் இளக வேண்டும். வரிசைக்கு ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிப் பின்னினாள். பாதி ஜெபத்தில் தூங்கியும் போனாள்.

தொல்லை முதல் போனிலேயே தொடங்கிவிட்டது. லயத்துக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய பாறையில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். அங்கே பனிக்குள் நின்று, “பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னுதேன் சம்மந்தியம்மா!” என்று கத்தினாள்.

“எந்தா? ஒண்ணும் கேக்கலை!”

“ஸ்வெட்டர்! ஸ்வெட்டர் பின்னுதேன்! பட்டிக்கு என்ன கலர் வைக்க?”

கழுத்திலும் கை முனையிலும் இறுக்கமாக வரும் விளிம்பைத்தான் அவள் பட்டி என்பாள். எதிர்முனையில் ஏலியாம்மா திருப்பிக் கேட்டாள்.

“பட்டிக்கோ?”

“ஆமா, பட்டிக்குத்தான். பட்டி நல்லா இருந்தாத்தான வீட்டுல எல்லாருக்கும் பெருமை.”

“அது சரியாணு,” என்றாள் ஏலியாம்மா. அவள் குரல் என்னவோ போலாகிவிட்டது. “மஞ்ஞ மதி, வேற வேண்டா. எங்க டின்டுவுக்கு மஞ்ஞ நல்லா சேரும்.”

கீழே வந்ததும், “பிள்ளைய டின்டுன்னு கூப்பிடுதாகளாம்,” என்றாள் கணவனிடம்.

“ஞானஸ்நானத்துக்காவது நல்ல பேரா வைக்கட்டும்,” என்றான் அவன்.

முதல் ஸ்வெட்டரை ஜீப் ஓட்டும் பாண்டித்துரை கொண்டுபோனான். “உள்ள போக முடியல அக்கா. ஒரு சின்ன நாய் குலைச்சே கொன்னுட்டு. கேட்டுலயே அந்தம்மா கையில குடுத்துட்டேன்,” என்றான்.

அந்த வாரமே ஏலியாம்மாவின் போன் வந்தது. “தலை உள்ள போகலை. கழுத்து லூஸ் வேணும்.”

அன்னாள் மறுபடி பின்னினாள். கழுத்து சரியானது, வயிறு தகராறு செய்தது.

“மூத்திரம் ஒழிச்சா எல்லாம் நனையுது. வயத்துப் பக்கம் குறைக்கணும், முதுகுப் பக்கம் கூட்டணும்.”

“முன்னால குட்டையும் பின்னால நெட்டையுமாவா?”

“ஆ. கை நீளமும் வேண்டா. ஓட்டம் நிக்காது.”

“இப்பமே ஓட்டமா!”

“பின்னே? வாலும் ஃப்ரீயா இருக்கணும்.”

“வாலா இருந்தா அப்படித்தான் சம்மந்தியம்மா,” என்று சிரித்தாள் அன்னாள். “நம்ம ஆன்மேரியும் சின்னதுல பெரிய வாலுதான்.”

“ஆன்மேரிக்கோ!” என்று எதிர்முனை திடுக்கிட்டது. அதற்குள் டவர் போய்விட்டது.

இரண்டாவது ஸ்வெட்டரை டின்டு கடித்துக் கிழித்துவிட்டாள் என்று அடுத்த செய்தி.

“கடிக்குதா? அதுக்குள்ள பல்லா?” என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டான் ஆசீர்வாதம்.

“ஏலக்கா வீட்டுப் பால். வளத்தி அப்படி,” என்றாள் அன்னாள். கொட்டாவியோடு சிலுவை போட்டுக்கொண்டு, ஊசியை எடுத்தாள். மூன்றாவது ஸ்வெட்டரும் பாண்டித்துரையின் ஜீப்பில் போனது.

ஞானஸ்நானத்தன்று காலையில் இருவரும் சக்குபள்ளம் போய் இறங்கினார்கள். பிஜு வீட்டு கேட்டைத் திறந்ததும் அன்னாள் அப்படியே நின்றுவிட்டாள்.

முற்றத்தில் ஒரு நாய் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. அதன் உடம்பில் மஞ்சள் ஸ்வெட்டர். கழுத்து தாராளம். வயிறு குட்டை, முதுகு நெட்டை. பின்னால் வால் சுதந்திரமாக ஆடியது. அவள் சொன்ன அத்தனை ‘அருள் நிறைந்த மரியே’யும் நான்கு காலில் ஓடிக்கொண்டிருந்தன.

“வா, திரும்பிப் போயிருவோம்,” என்றான் ஆசீர்வாதம். அவன் முகம் சிவந்திருந்தது.

“பிள்ளையப் பாத்துட்டுப் போவோம். பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு?”

கோயிலில் குழந்தை கடையில் வாங்கிய வெள்ளை கவுனில் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. ‘ஆண்டவரே, எனக்குக் கோபம் வேண்டாம்’ என்று பூசை முழுவதும் வேண்டினாள் அன்னாள். கோபம் போகவில்லை, அழுகைதான் வந்தது.

விருந்தில் ஏலியாம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சொந்தக்காரர்கள் நடுவில் நிறுத்தினாள். இன்னொரு கையில் டின்டு.

“இதாணு அன்னாள்! குஞ்ஞுக்கு எல்லாரும் கொண்டு வந்தாங்க. ஸ்வர்ணம், உடுப்பு, தொட்டில். என்டெ பட்டிக்குக் குளிருமேன்னு நினைச்சது இவங்க ஒருத்தி மாத்ரம். அவர் போன பின்னே எனக்கு மிண்டவும் பேசவும் இந்த நாய்தான். அது இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது!” ஏலியாம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

பட்டி. மலையாளத்தில் நாய். அன்னாளுக்குத் தெரியாத சொல்லா? லயத்துப் பக்கத்து வீட்டில் சட்டியில் வாய் வைக்கும் நாயைத் தினமும் அந்தச் சொல்லால்தான் விரட்டுவார்கள். பின்னல் ஊசி கையில் இருந்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

“அடுத்த மாசம் இவளுக்குப் பிரசவம்,” என்றாள் ஏலியாம்மா, டின்டுவின் வயிற்றைத் தடவி. “ஆறு குட்டி இருக்கும்னு டாக்டர் சொன்னார். சம்மந்தி இப்பவே பின்னத் தொடங்கணும்.”

ஆசீர்வாதத்துக்குப் புரை ஏறியது.

“இல்ல சம்மந்தியம்மா, அது வந்து...” என்று வாயைத் திறந்தாள் அன்னாள். இடுப்பில் யாரோ நறுக்கென்று கிள்ளினார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஆன்மேரி நின்றாள்.

“மோளே ஆன்மேரி,” என்றாள் ஏலியாம்மா, “மதினிக்குப் பாயசம் கொடு. பாவம், ரொம்ப க்ஷீணமா இருக்காங்க.”

அன்னாள் நிமிர்ந்து பார்த்தாள். ஆன்மேரி பாயசக் கிண்ணத்தை நீட்டியபடி அவள் காதருகே குனிந்தாள்.

“சும்மா இருங்க மதினி, உங்க முதல் ஸ்வெட்டரை அந்த நாய்க்கு மாட்டிப் பாத்ததே நான்தான், அன்னைக்குத்தான் என்னைய முதல் தடவையா மோளேன்னாங்க.”