பேரை வெட்டியவர்

“அவரு வீட்ல இல்லீங்க தம்பி,” என்றாள் நாகலெட்சுமி, மூன்றாவது முறையாக.

வட்டவளையில், தேயிலைத் தோட்டத்து வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற கண்டாக்கு பொன்னையாவின் வீட்டு வாசல் அது. கஜேந்திரன் தோளில் நீளமான பையோடு நின்றுகொண்டிருந்தான். உள்ளே மேசைமேல் பிளேன்டீயில் ஆவி பறந்தது. அதன் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. வீட்டுக்காரியான நாகலெட்சுமியோ ஏற்கெனவே ஒரு கண்ணாடி போட்டிருந்தாள்.

“எப்ப வருவாருங்க?”

“சொல்ல முடியாதுங்க.”

“வந்தா, குறிஞ்சிமேட்டுத் தோட்டத்து கஜேந்திரன் வந்தான்னு சொல்லுங்க. அவரு எனக்குச் செஞ்சத நான் இன்னும் மறக்கலீங்க. இருபது வருசமா மனசுக்குள்ளயே வெச்சிருக்கேன். பதிலுக்கு ஏதாச்சும் செய்யாம விடமாட்டேன்னு சொல்லுங்க.”

உள்ளறையில் ஒரு வாளி உருண்டது. பின்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“பூனைங்க,” என்றாள் நாகலெட்சுமி.

கஜேந்திரன் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினான். நன்றி சொல்வதில் அவனுக்குக் கஞ்சத்தனமே கிடையாது. பஸ்ஸில் மீதி கொடுக்காத ஆளுக்கும் நன்றி சொல்லி இறங்குகிறவன். அப்படிப்பட்டவன், தன் வாழ்க்கையிலேயே பெரிய நன்றியை மட்டும் இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தான்.

நடந்தது இதுதான். பதினெட்டு வயதில் அவனுக்குத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். பேர் பதிந்தால்தான் வேலை, சம்பளம், லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா எல்லாம். பதினோராவது நாள், புல் சுரண்டக் கொடுத்த சொரண்டியால் தேயிலைக் கொட்டைகளைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு கொட்டை நாலு வரி தேயிலையைத் தாண்டிப் போய், வேலையை மேற்பார்க்க வந்த கண்டாக்கு பொன்னையாவின் தொப்பியைத் தட்டிவிட்டது. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் பொன்னையா சொன்னார்: “ஒம் பேர வெட்டியாச்சு. போ.”

வேலை போனவன் நுவரெலியாவுக்குப் போனான். கோல்ஃப் ஆட வருகிறவர்களின் பையைத் தூக்கினான். புதரில் பந்து தேடினான். யாரோ வீசிப்போன ஒற்றைக் கம்பை வைத்து, பனி விலகுமுன் ஆடிப் பழகினான். பை தூக்குகிறவர்களுக்கான போட்டியில் ஜெயித்து, பிறகு அதையே தொழிலாகக் கொண்டான். சிட்டகாங், கொல்கத்தா, லாகூர் என்று போகாத ஊரில்லை. போன ஊரிலெல்லாம் இரண்டாம் நாளே போட்டியிலிருந்து வெளியேறி, பையைக் கட்டிக்கொண்டு திரும்பினான். மனைவி ஜெயந்தினி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. போன மாதம், முப்பத்தெட்டாவது வயதில், பெரிய போட்டி ஒன்றில் முதல் தடவையாகக் கோப்பை வாங்கினான்.

விமானத்தில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது ஒன்றுதான் தோன்றியது. அன்றைக்குப் பேர் வெட்டப்படாமல் இருந்திருந்தால், இன்றைக்கும் அவன் ஆறாம் நம்பர் மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவனுக்குப் பாராட்டு. அந்தக் கோப்பையைப் பொன்னையா கையால் வாங்கினால்தான் ஜெயித்தது ஜெயித்த மாதிரி என்று முடிவு செய்துவிட்டான். அதுவரை அது அலுமாரியில் ஏறாமல், துவாயில் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடந்தது.

அவனுடைய அம்மா வேலாயிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

“வயசான மனுசன எதுக்குடா போட்டுத் தேடுற? விடு,” என்றாள்.

அம்மாவுக்குப் பழைய கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

வட்டவளைச் சந்தியில் நஸார் நானாவின் பலசரக்குக் கடை. கஜேந்திரன் அங்கே விசாரித்தான்.

“பொன்னையா மாத்தயாவையா தேடுறீங்க? இப்பதான் சாரத்த தூக்கிப் புடிச்சிக்கிட்டு ஓடிவந்து பஸ் ஏறினாரு. கினிகத்தேனையில மகள்ட ஊட்டுக்குப் போறாராம்,” என்றார் நஸார்.

“அவர எப்பிடியாச்சும் கையோட கூட்டிட்டுப் போகணும் நானா. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிறணும்.”

நஸார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனிதர். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ மனஸ்தாபம், தான் பேசித் தீர்த்துவைத்தால் நன்மை கிடைக்கும் என்று போனை எடுத்தார்.

“மாத்தயா, நஸார் பேசுறேன். பயப்புடாதீங்க. ஆள் நல்ல ஆளாத்தான் விளங்குது. கையில ஒண்டுமில்ல.” கண் பையின் பக்கம் போனது. “பையிலதான் இரிக்கி. இரும்பு. கொஞ்சமிரிங்க, எண்ணிச் சொல்றேன். பதினாலு.”

“எல்லாம் அளவு வேற வேறங்க நானா,” என்று கஜேந்திரன் ஆசையாக ஒன்றை உருவிக் காட்டினான். “இந்த ஏழாம் நம்பர்தான் எனக்கு ராசி. இதால அடிச்சா நூத்தம்பது மீட்டர் தள்ளிப் போய் விழும்.”

“அடிச்சா நூத்தம்பது மீட்டர் தள்ளிப் போய் விழுமாம், மாத்தயா.”

அந்தப் பக்கம் போன் வெட்டுப்பட்டது.

“லைன் சரியில்ல போல,” என்றார் நஸார். கஜேந்திரன் அவருக்கும் நன்றி சொன்னான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் ஜெயந்தினி தலையில் அடித்துக்கொண்டாள்.

“பையத் தூக்கிட்டு நேர்ல போய் நின்னா யாருக்குத்தான் பயம் வராது? ஊரறிய, மரியாதையா ஒரு போஸ்டர் அடிச்சுக் கூப்பிடுங்க. நம்ம நெனப்பு நல்லதுன்னு அவருக்கும் புரியும்.”

நல்ல யோசனைதான். ஹட்டனில் அச்சகம் வைத்திருந்த மாயாண்டியிடம் வெள்ளிக்கிழமை காலையே கொடுத்துவிட்டான். வாசகத்தையும் அவனே எழுதினான்: ‘என்னை இந்த நிலைமைக்கு ஆளாக்கிய பொன்னையா ஐயா அவர்களுக்கு, செய்ய வேண்டியதைச் செய்யும் நாள். ஞாயிறு காலை பத்து மணி. குறிஞ்சிமேடு மாரியம்மன் கோயில் முன்றல். அனைவரும் வருக.’

பொன்னையாவின் படம் ஒன்றுதான் கிடைத்தது. அவர் ஓய்வுபெற்ற அன்று, கழுத்தில் மாலையோடு எடுத்தது. கலரில் அடித்தால் திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றான் மாயாண்டி. அவசரம் என்பதால் கறுப்பு வெள்ளையில் அடித்து, அழகுக்காகச் சுற்றிலும் ஒரு கறுப்புக் கட்டமும் போட்டுக் கொடுத்தான். மேலே, கம்பை ஓங்கியபடி கஜேந்திரன். கீழே, மாலையோடு பொன்னையா. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. நம் பக்கத்தில் மாலை போட்ட படம் சுவரில் ஏறிவிட்டால் எழுத்தைப் படிக்க யார் மினக்கெடுகிறார்கள்? வெள்ளிக்கிழமை பின்னேரம் வட்டவளையிலிருந்து கினிகத்தேனைவரை ஒட்டினார்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு நஸாரிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, மாத்தயாட ஊட்டு றோட்டுல வெள்ளைக்கொடி கட்டிட்டாங்க. நானும் கடையில பாதிக் கதவப் போட்டுட்டேன். எப்பிடி ஆச்சுது?”

“ஐயோ, அவரு நல்லாத்தான் இருக்காரு நானா!”

“முந்தாநாள் நல்லாத்தான் பேசினாரு. அல்லாட நாட்டம்,” என்றார் நஸார்.

கஜேந்திரன் நாகலெட்சுமிக்குப் போன் எடுத்தான். ஆறு தடவை எடுத்தும் கிடைக்கவில்லை. ஏழாவது தடவை எடுத்தவள், அழுகைச் சத்தங்களுக்கு நடுவே கத்தினாள்.

“அவரு உசுரோடதான் இருக்காருன்னு நானும் வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்றேன். பாவம், அதிர்ச்சியில இப்பிடிப் பேசுதுன்னு எனக்குச் சோடா குடுக்குறாங்க. இது போதுமா தம்பி, இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?”

நாலு அடி தூரத்தில் குழி இருக்க, பந்து சறுக்கி ஓடையில் விழுந்த நாட்களை அவன் பார்த்திருக்கிறான். அப்போதெல்லாம் வராத அழுகை இப்போது வந்தது. நன்றி சொல்லப் போய் ஒரு மனிதனைச் சாகடித்துவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்றுகூடக் கேட்டான்.

“நிறுத்திரு,” என்றாள் வேலாயி உடனே.

ஆனால் கோயில் தலைவர் சிவசாமி ஐந்நூறு பேருக்குச் சோற்றுக்குச் சொல்லிவிட்டார். நிறுத்த முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எதிர்பார்த்ததைப்போல இரண்டு மடங்கு கூட்டம். பாதிப் பேர் பாராட்ட வந்தவர்கள், மீதிப் பேர் துக்கம் விசாரிக்க வந்தவர்கள். ஒரு பக்கம் தப்பு முழங்கியது. அது எதற்கான அடி என்று அடித்தவர்களுக்கே தெரியவில்லை. மரண உதவிச் சங்கத்தார் மலர்வளையம் ஒன்றைக் கொண்டுவந்து மேடையில் சாத்தினார்கள். சிவசாமி அதைத் தூக்கி ஓரத்தில் வைக்க, அவர்கள் மறுபடி நடுவில் வைத்தார்கள். முன்வரிசையில் வேலாயி நல்ல சேலை கட்டி, யாரையும் பார்க்காமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

பத்தேகாலுக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் பொன்னையா.

இரண்டு பெண்கள் வீரிட்டார்கள். மரண உதவிச் சங்கத்தார் எழுந்து நின்றார்கள். பொன்னையா நேரே மேடைக்கு ஏறிப்போய் கஜேந்திரன் முன்னால் நின்றார். எழுபது வயது உடம்பு. குரல் மட்டும் பழைய பெரட்டுக் குரல்.

“அடிக்கிறதுன்னா அடிச்சிட்டுப் போஸ்டர் ஒட்டணும். போஸ்டர ஒட்டிட்டு ஆளத் தேடுறது எந்த ஊரு வழக்கம்? இந்தா வந்துட்டேன். நேத்தெல்லாம் எம் பொண்டாட்டி அழுதது போதும். அடி!”

கஜேந்திரன் சட்டென்று குனிந்தான். காலை வாரப்போகிறான் என்று நினைத்துப் பொன்னையா ஒரு துள்ளுத் துள்ளினார். துள்ளி இறங்கிய கால்களை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“ஐயா, நன்றி சொல்லத்தாங்க தேடினேன்.”

“என்னது?”

“எம் பேர வெட்டினீங்களே, அதுக்கு. அன்னைக்கு நீங்க வெட்டாட்டி எனக்கு இந்தக் கோப்ப இல்ல, வீடு இல்ல, எம் புள்ளைங்களுக்கு இந்தப் படிப்பு இல்ல. நீங்க கோவத்துல செஞ்சீங்களோ என்னவோ, எனக்கு அது சாமி செஞ்ச மாதிரிங்க. உங்க கையால இத ஒரு தடவ குடுங்க. அது போதும்.”

துவாயிலிருந்து கோப்பையை எடுத்து அவன் நீட்டினான். பொன்னையாவின் கை நீளவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

“இத நான் தொடக் கூடாது தம்பி.”

“ஏங்க ஐயா?”

“நீ நல்லா வேல செய்யிற பய. தொப்பி விழுந்ததுக்கெல்லாம் யாராச்சும் பேர வெட்டுவாங்களா? வெட்ட எனக்கு மனசே வரல. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அதான் ஒம் மூஞ்சிய பாக்க முடியாம ஓடுனேன்.” அவர் முன்வரிசையைப் பார்த்தார். “ஏ வேலாயி, இன்னமும் நான் பேசாமயே இருக்கணுமா?”

கஜேந்திரன் திரும்பினான். வேலாயி எழுந்து, வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் புள்ளைங்க பேரப் போடச் சொல்லித்தான் கண்டாக்குக்குக் கோழி குடுப்பாங்க, நீயும் மலையிலயே கெடக்கக் கூடாதுன்னு ஒம் பேர வெட்டச் சொல்லிக் கோழி குடுத்தவ நாந்தான்டா.”