நாலு கொக்கியும் மூணு சத்தியமும்

இதை எனக்கு முதலில் சொன்னது விஜயா. போன ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அவள் பிறந்த ஊர் மேலே கொல்லிமலையில், பைல் நாட்டுப் பக்கம். கதையில் வருகிறவர்கள் அவளைப் பெற்றவர்கள். அதனால் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூடியிருந்தால் அது அவள் கூட்டியது.

அவள் அப்பா அர்த்தனாரியிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி. அவருக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயசு. காலையில் இரண்டும் இருமிவிட்டுத்தான் கிளம்பும். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த பாடி. அதன் ஓரத்தில் கயிறு கட்ட இரும்புக் கொக்கி, பக்கத்துக்கு இரண்டாக நாலு. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் சுமை சரியாமல் இறங்குவது அந்த நாலு கொக்கியின் புண்ணியம்.

ஒரு நாள் காலையில் வண்டியை எடுக்கப் போனவர் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"அத்தாயி! இது வண்டியா, சத்திரமா?"

"என்னாச்சுங்க?"

"மூணு மூட்டை குச்சிக்கிழங்கு, நாலு பலாப்பழம். யாரு ஏத்துனது?"

"கிழங்கு சுப்பம்மாக்காளுது. பலாப்பழம் காத்தானுது."

"ஒருத்தராச்சும் என்னைக் கேட்டாங்களா? முப்பது வருசமா ஏத்திட்டு அவங்கபாட்டுக்குப் போயிடறாங்க. நான் மனுசனா, இல்ல வண்டியில ஒரு பார்ட்ஸா?"

"கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறீங்க?"

"சொல்ல மாட்டேன். ஆனா கேக்கணுமில்ல!"

அத்தாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியும் அர்த்தனாரிக்கு அது பிடிபடவில்லை.

அந்த வாரமே பழைய வண்டி சேர்க்கிற கோயமுத்தூர்க்காரர் ஒருவர் மலை பார்க்க வந்தார். வண்டியைக் கண்டதும் கோயிலைச் சுற்றுவதுபோல மூன்று சுற்றுச் சுற்றினார். கொக்கியைத் தடவிப் பார்த்தார்.

"இது வண்டியோட பொறந்த கொக்கிங்க. இப்பத் தேடுனாக் கெடைக்காது. நாலும் அப்படியே இருந்தா நான் எடுத்துக்கறேன். ஞாயித்துக்கெழமை வாரேன்."

அர்த்தனாரிக்குத் தரையில் கால் பாவவில்லை.

"வித்துட்டு ஒரு பைக்கு வாங்கப் போறேன் புள்ள. ஒரு முறுக்குப் பைகூட வெக்க முடியாத பைக்கு!"

"அப்ப நான் எங்கீங்க உக்கார்றது?"

அதை அவர் யோசிக்கவில்லை. "அது... பாத்துக்கலாம்."

"வண்டி போனா சுப்பம்மாக்கா பஸ் ரோடு வரைக்கும் மூட்டையத் தலையில சொமக்கோணுமே."

"சொமக்கட்டும்" என்றார். சொன்ன குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் பார்த்தால் நாலு கொக்கியும் இல்லை. இருந்த இடத்தில் துருத் தடம் மட்டும் வட்ட வட்டமாக.

"களவு போச்சு! அத்தாயி, களவு போச்சு!"

"அட ஈஸ்வரா" என்றபடி அவள் உள்ளே போய் விளக்கேற்றினாள். விளக்கு முன்னால் அவள் பொய் சொல்ல மாட்டாள். அதனால் அன்றைக்கு வெகுநேரம் விளக்கு முன்னாலேயே வாய் மூடி உட்கார்ந்திருந்தாள்.

அவர் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினார். பட்டறையில் கேட்டார். சேந்தமங்கலத்தில் பழைய இரும்புக் கடைகளைக் குடைந்தார். ஒரு கடைக்காரர், "உங்க வண்டி பொறந்தப்போ எங்கப்பனுக்கே கல்யாணம் ஆவலீங்க" என்று அனுப்பிவைத்தார். வியாழக்கிழமை வெறுங்கையோடு வந்து சோற்றில் கை வைத்தார்.

"ஊருக்குள்ள கேட்டுப் பாருங்களேன்" என்றாள் அத்தாயி.

"நான் போய் ஊடு ஊடாக் கேக்கறதா?"

"கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

வெள்ளிக்கிழமை சுப்பம்மாள் வீட்டுக்குப் போனார். மாட்டுக்கொட்டகை விட்டத்தில் பால் தூக்கு தொங்குகிறது. தொங்குவது அவருடைய கொக்கியில்!

"இதுவா தம்பி? எடுத்துக்க. ஆனா உன்னை ஒண்ணு கேக்கோணும்."

முப்பது வருஷத்தில் முதல் தடவை. அர்த்தனாரி நிமிர்ந்து நின்றார்.

"என் கெழங்கை இந்த வண்டியில, உன் கையால, கீழ எறக்கிக் குடுப்பியா? நான் இருக்கற மட்டும்?"

நெஞ்சுக்குள் வெல்லம் கரைந்த மாதிரி இருந்தது. கேட்டுவிட்டார்களே! "அதுக்கென்னக்கா!"

"சத்தியமா?"

தட்டில் சூடம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார்.

காத்தான் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். கையில் கொக்கி.

"மாமா, கேக்கவே கூச்சமா இருக்குது..."

"கேளு மாப்ள, கேளு!"

'இந்த வண்டியில' என்று பலாப்பழத்துக்கும் ஒரு சூடம்.

அடுத்துக் கேட்கப் போனது பாவாயிக் கிழவி வீட்டில். அவளுக்குக் கண் மங்கல். கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு மூட்டை இல்ல சாமி. மாசம் ஒருக்கா கண்ணாஸ்பத்திரிக்குப் போவோணும். பஸ்ஸுல தலை சுத்துது. இத்தன நாளும் கேக்காமயே உன் வண்டியில ஏறிட்டேன். தப்புத்தான். இப்பக் கேக்கறேன். இந்த வண்டியில உன் பக்கத்துல உக்காத்திக் கூட்டிட்டுப் போவியா?"

அந்தச் சூடத்தை மட்டும் அவர் சத்தமில்லாமல் அணைத்தார். வரும்போது கண் கலங்கியிருந்தது. புகை என்றார்.

நாலாவது கொக்கியை எங்கே தேடுவது என்று வீட்டுக்குள் நுழைந்தால் அத்தாயி அதை நீட்டினாள்.

"இந்தாங்க. எனக்குச் சத்தியம் கித்தியம் ஒண்ணும் வேண்டாம்."

அவருக்கு இருந்த சந்தோஷத்தில், உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. சனிக்கிழமை பூட்டினார். எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று அவர் சொல்லாமலே அவள் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அதையும் அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர்க்காரர் வந்தார். நாலு கொக்கியையும் பார்த்து முகம் மலர்ந்தார். சுப்பம்மாளும் காத்தானும் பாவாயியும் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"சாவிங்க?"

அர்த்தனாரி பையில் கையை விட்டார். வெளியே எடுத்தார். மறுபடி விட்டார். சாவி வந்தது, கை நீளவில்லை.

"ஏனுங்க, என்ன யோசனை?"

"ஒண்ணுமில்லீங்க... மூணு சத்தியம் பண்ணிப்போட்டேன். இவங்களையும் இவங்க மூட்டையையும் இந்த வண்டியிலதான்னு..."

சொல்லும்போதுதான் 'இந்த வண்டியில' என்பது அவர் காதிலேயே விழுந்தது. மூன்று பேரும் அதை ஒரே மாதிரி சொன்னதும் நினைவுக்கு வந்தது. பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அத்தாயி, நீயாச்சும் சொல்லு. விக்கட்டுமா, வேண்டாமா?"

"உங்க வண்டி. தாராளமா வித்துக்கங்க. அந்த மூணு சத்தியத்தையும் சேத்து ஓட்டிட்டுப் போறாரான்னு மட்டும் கேட்டுக்கங்க."

கோயமுத்தூர்க்காரர் நல்ல மனுஷன். சிரித்துவிட்டார். பலாச்சுளை தின்றுவிட்டுத் தன் காரிலேயே இறங்கிப் போனார்.

கொக்கியைக் கழற்றியது யார் என்று அர்த்தனாரி இன்றுவரை கேட்கவில்லையாம். தெரியாமல் கேட்கவில்லையா, தெரிந்துகொண்டு கேட்கவில்லையா என்று விஜயாவுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வீடு அப்படிக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அப்படிக் கேட்காமல் விட்டவற்றில் பாதி, கடவுள் நமக்குச் செய்த உபகாரம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது சுமை ஏற்றுகிறவர்கள் எல்லாரும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏற்றுகிறார்களாம். அவரும் ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல நின்றுவிட்டுத்தான் சரி என்கிறாராம்.

நீங்கள் காரவள்ளி வழியாக மலை ஏறும்போது, எதிரே ஒரு பச்சை பிக்கப் மூட்டையோடு இறங்கி வந்தால், முன்சீட்டில் கண் மங்கிய ஒரு அம்மா இருக்கலாம். வண்டிக்கு பிரேக்கும் அந்தக் காலத்து பிரேக்குதான். கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள்.